மண் கழிவு

ஐந்து ரோட்டில், இரண்டாம் மாடி.
ஜன்னலுக்கு அப்பால் சேர்வராயன் மலைமேல்
இறங்கலாமா வேண்டாமா என்று ஒரு மேகம்.
நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

பொழிலன் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
மூன்று கார்டுகளை மேஜையில் விரித்தான்,
சீட்டாட்டத்துக்குக் கூப்பிடுகிறவன் போல.
நீலம். சாம்பல். விமானம் வரைந்த மஞ்சள்.

"எங்க மேடம் போறீங்க?"
தாய்லாந்து என்றேன்.
அவன் கண் ஒரு கணம் கடற்கரைக்குப் போயிற்று.
கிழங்கு மில் பார்க்க என்றேன்.
திரும்பி வந்துவிட்டது.

பணம் ஏற்றக் கூலி இல்லை என்றது நீலம்.
எடுக்கும்போது உண்டு என்றது அதே நீலம்,
எறும்பெழுத்தில்.
சாம்பல் இன்றைய விலையைப் பூட்டி வைக்குமாம்.
நாளை டாலர் ஏறினாலும் எனக்கு ஏறாது.
இறங்கினால்?
"இறங்காது மேடம்."
மழை வராது என்று சொல்லிக்கொண்டே
களத்தில் ஜவ்வரிசி காயப்போடுகிறவர்களை
முப்பது வருடமாகப் பார்க்கிறேன்.

மஞ்சளில் தாய் பாட் இல்லை.
எதிலுமே இல்லை.
ரூபாய் இங்கே டாலர் ஆகும்,
டாலர் அங்கே தேய்க்கிற இடத்தில் பாட் ஆகும்,
ஆகிற வழியில் நூற்றுக்கு மூன்றரை உதிரும்.
"கிராஸ் கரன்சி" என்றான்.
சொல் எனக்குப் புதிது.
தொழில் புதிதில்லை.

வாழப்பாடியில் எங்கள் மில் கேட்டுக்குள் டிராக்டர் நுழைந்ததும்
நான் செய்வதும் அதுதானே.
கூடைக் கிழங்கைத் தண்ணீரில் முக்கி, எடை பார்த்து,
இருபத்தாறு பாயிண்ட் என்பேன்.
"இருபத்தெட்டு வருமேம்மா" என்பார் மாரப்பன்.
வராது.
காம்புக்கு இவ்வளவு, மண்ணுக்கு இவ்வளவு
என்று கழித்து எழுதிய துண்டுச் சீட்டை
கை நீளும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பார்.
கண்ணாடி கொண்டுவந்ததே இல்லை அவர்.

நான் கொண்டுபோயிருந்தேன்.
மூன்று தாளின் பின்பக்கமும் படித்தேன்.
பொழிலன் இரண்டு முறை டீ சொன்னான்.

சாம்பலே போதும் என்றேன்.
பாஸ்போர்ட் நகல், பான் நகல், ஏழு கையெழுத்து.
ஒன்று தொலைந்தால் இன்னொன்று என்று இரட்டைக் கார்டு:
ஒன்று கைப்பைக்கு, ஒன்று பெட்டியில் சேலை மடிப்புக்கு.
ரகசிய எண் மறக்காததாக இருக்கட்டும் என்றான்.
இரண்டு எட்டு இரண்டு ஆறு.

அந்த ஊரில் நூடுல்ஸ் விற்றவளுக்குக் கார்டு வேண்டாம், காசு வேண்டும்.
காசு தரும் மெஷின்
ஒவ்வொரு தடவையும் இருநூற்றிருபது பாட் தனக்கு எடுத்துக்கொண்டது,
ஆயிரம் எடுத்தாலும், பத்தாயிரம் எடுத்தாலும்.
மில்லில் எல்லாம் மெஷின்.
மண் கழுவ மெஷின், தோல் உரிக்க மெஷின்.
கேட்டில் மட்டும் ஒரு கூடை, ஒரு தொட்டி, ஒரு தராசு.
தராசுக்காரியிடம் லாரிக்காரர் ஒருவர்
தாய் மொழியில் மல்லுக்கட்டினார்.
ஒரு சொல் விடாமல் புரிந்தது.

திரும்பியபோது கார்டில் நாற்பத்தொரு டாலர் மிச்சம்.
திருப்பி ரூபாயாக்கினால் அதற்கொரு கழிவு.
தொடாமல் ஆறு மாதம் விட்டால்
சும்மா கிடந்ததற்கு மாதா மாதம் கழிவு.
மேஜை டிராயரில் போட்டேன்.
மறந்தேன் என்று சொல்ல மாட்டேன்.
ஐந்து ரோடு போக நேரமில்லை.

மாசி மாதம் மாரப்பன் லோடு வந்தது.
பாயிண்ட் இருபத்தாறேதான்; அதில் மாற்றமில்லை.
மண்ணை மட்டும், கண்ணளவில் எழுதிப் பழகிய மண்ணை,
அந்தக் கார்டால் கூடைக் கிழங்கிலிருந்து சுரண்டி
தாளில் குவித்து நிறுத்துப் பார்த்தேன்.
நான் எழுதும் கணக்கில் பாதிகூட இல்லை.
பெரிய எழுத்தில் சீட்டு எழுதி நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார்.
இந்த முறை தள்ளிப் பிடிக்கவில்லை.
என்னைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார்.
"இது எவ்வளவு பிடிக்கும்மா?" என்றார்,
நம்பாமல்.