நிகர எடை

லாபிஸ் செம்பனை ஆலையில் நான் எடைமேடைக் கிராணி.
லாரி ஏறும், ஓர் எண் நிற்கும்.
குலை இறக்கிவிட்டுக் காலியாய் ஏறும், இன்னோர் எண்.
கழித்தால் வருவது நிகரம்.
பதினொரு வருஷமாய் இந்த ஒரே கணக்குக்குத்தான்
சம்பளம் வாங்குகிறேன்.

ஆகவே கடலுக்கு அடியில் போக
யாரிடம் படிப்பது என்று பார்க்கவும்
எடைச்சீட்டின் முதுகில்தான் கோடு போட்டேன்.
இடப்பக்கம் பாடி. வலப்பக்கம் எஸ்.எஸ்.ஐ.
ஓரத்தில் பென்சிலில் சி.எம்.ஏ.எஸ்.
அதைச் சொல்லித்தர மெர்சிங் பக்கம்
எனக்கு ஆள் அகப்படவில்லை.

பாடி என்றால் மலாயில் நெல்.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்
வெள்ளைத் துணி போர்த்தி வேனில் வரும்.
"செப்டம்பர்ல பாடி எடுக்கப் போறேன்" என்று
தேன்மொழியிடம் நான் போனில் சொன்னபோது
அடுப்படியில் கரண்டி நின்றது.
"யாரோடதுடி?" என்றாள் அம்மா.

ஆழம்: இங்கே பதினெட்டு மீட்டர், அங்கேயும் பதினெட்டு.
கடலில் இறங்குவது நான்கு தடவை; அங்கேயும் நான்கு.
இருநூறு மீட்டர் நீச்சல், பத்து நிமிட மிதப்பு,
இரண்டு பேருமே விட்டுக்கொடுப்பதாயில்லை.
ஒன்றில் வாத்தியார் தனியாளாகவும் கிளம்பி வரலாம்,
மற்றதில் ஏதோ ஒரு கடையைச் சேர்ந்தவராய் இருக்கவேண்டும்.
தோட்டத்தில் பிறந்தவளுக்கு இது புரியாத விஷயமா?
விலை: ஆயிரத்து நானூறு வெள்ளி.
ஆயிரத்து இருநூற்றைம்பது.
படகுக் கூலியை யாரும் முதலில் சொல்வதில்லை.

கழித்தேன்.
நூற்றைம்பது வெள்ளி.
அதற்குள் அடுத்த லாரி ஹாரன் அடித்தது.

இருவருக்கும் ஒரே கேள்வி அனுப்பினேன்:
முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து நான் பதறினால்?
மிஷெல் கோ, எஸ்.எஸ்.ஐ.,
பாடத்திட்டத்தில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள்,
மஞ்சள் கோடு போட்டு.
அதுவும் பதில்தான். எனக்குப் பக்கங்கள் பிடிக்கும்.
ஹஃபிசுல், பாடி, குரலில் அனுப்பினார்,
பின்னால் படகு எந்திரம் இரைந்தது:
"எல்லாரும் பதறுவாங்க அக்கா.
குளத்திலேயே பதறிடுங்க. அங்க கால் எட்டும்."

மருத்துவப் படிவம் மட்டும்
இரண்டு பக்கமிருந்தும் வரிக்கு வரி ஒன்றாய் வந்தது.
மூச்சுக் கோளாறு எப்போதாவது?
புகைமூட்டம் மூடிய அந்த வருஷம்
பள்ளிக்கூடங்கள் அடைத்தார்கள், எடைமேடையை அடைக்கவில்லை.
இரண்டு வாரம் இன்ஹேலர் பையில் இருந்தது.
ஆம் என்று குறித்தேன்.

செம்பனை முள் குத்தியவர்களையே பார்த்துப் பழகிய டாக்டர் சியா
படிவத்தை இரண்டு முறை படித்தார்.
கடைவீட்டு மாடிப்படியில் என்னை ஏறி இறங்கச் சொன்னார்,
மூன்று தரம், ஸ்டெதஸ்கோப்போடு கீழே காத்திருந்து.
"கடல் எந்தப் பக்கம் இருக்கிறது இங்கே?"
கிழக்கே கை காட்டினேன்,
பல்பொருள் கடைக்கும் கோயில் சுவருக்கும் நடுவே.
செகாமாட்டில் நுரையீரலை ஊதிக் காட்டிவிட்டு வா,
அப்புறம் கையெழுத்து, என்றார்.

நேற்று ஹஃபிசுல் என் எடை கேட்டார்.
இடுப்பில் எவ்வளவு ஈயம் கட்டுவது என்று பார்க்க.
கடைசி லாரி போனதும்
மழையில் நனைந்த மேடையில் தனியாய் ஏறி நின்றேன்.
அறுபது என்றது.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்;
ஐம்பத்தாறாய் இருந்தாலும் அறுபதுதான்,
அறுபத்துநாலாய் இருந்தாலும்.

மேலே எழாமல், கீழே போகாமல்
தண்ணீரின் நடுவில் அப்படியே நிற்பதுதான்
பயிற்சியிலேயே கடினம் என்கிறார்கள் இருவரும்.
அங்கே நிகரம் பூஜ்யம்.
எங்கள் கணினியில் பூஜ்யம் வந்தால் சீட்டு அச்சாகாது.
சிவப்பில் "பிழை" என்று காட்டும்.
அந்தப் பிழைக்குத்தான்
ஆயிரத்து நானூறு வெள்ளி கட்டப்போகிறேன்.