குழலுக்குள் நாலு விரல்

குருநகரில், வலைக்கு ஈயம் கோர்க்கும் மரிசலினிடம்
அதை வேண்டினேன். இரண்டு மாதச் சம்பளம்.
"கடல் தந்த சாமானுக்குப் பேரம் பேசாதையுங்கோ, மாஸ்டர்."
நான் மாஸ்டர் இல்லை, பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில்
குடுவை கழுவுகிறவன்.
அதைக் கடலும் தரவில்லை.
மரப்பிடியில் உப்பே ஏறவில்லை,
மணந்தது கிணற்றுச் சேறு.
இந்த ஊரில் கிணறு இறைத்தவனிடம்
என்ன எடுத்தாய் என்று கேட்பதில்லை.

ஒல்லாந்தர் காலத்துப் பிஸ்ரல்.
பித்தளையில் ஒன்றையொன்று கட்டிப்பிடித்த
மூன்றெழுத்து.
சக்கிமுக்கிக் கல் எப்போதோ விழுந்துவிட்டது,
கவ்வுகிற தாடை மட்டும்
எதையோ சொல்ல வந்து மறந்ததுபோல் திறந்திருந்தது.

பழைய பேப்பரில் சுற்றி, மேலே அரைக்கிலோ கணவாய் வைத்து
சைக்கிளில் கொண்டுவந்தேன்.
இதே றோட்டில்
ரோர்ச் பற்றரி இரண்டு வைத்திருந்ததற்கு
ஒரு மத்தியானம் முழுக்க
முழங்காலில் நின்றிருக்கிறேன்.
முழங்கால் அதை மறக்கவில்லை.
பெடல் பிழைத்துப் பிழைத்துப் போனது.

சுகிர்தா கணவாயை எடுத்தாள், மற்றதைத் தொடவில்லை.
"பொலிசில பதியாமல் இது இந்த வீட்டில
ஒரு இரவும் படுக்காது."
பதிந்தேன்.
சார்ஜன்ட் ஹேவகே பிடியைத் தடவி, கண்ணுக்கு நேரே தூக்கி,
"லஸ்ஸனய்" என்றார். பிறகு தமிழில், "வடிவு."
பதிவேட்டில் ஒரு நிரல்: சுடுமா?
இல்லை, என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

அதன் பிறகுதான் வேலை.
தேங்காய் எண்ணெய் பூசக்கூடாது, மூன்றாம் நாள் பிசினாகும்.
தையல் மெசின் எண்ணெய், கோழியிறகால், கொஞ்சமாய்.
கறளுக்குக் கடுந்தேயிலைச் சாயம்,
சிவப்பைக் கறுப்பாக்கும், கறுப்பு நின்றுவிடும்.
மரத்துக்குத் தேன்மெழுகு.
சோழகம் கடலேரியைத் தாண்டி வந்தால்
யன்னலைச் சாத்து, அன்றைக்கே இன்னொருமுறை துடை.
பித்தளையை மினுக்காதே.
மினுக்கினால் இருநூறு வருசம்
துணியோடு போய்விடும்.

ஆவணியில் ஒருநாள்
குழல் துடைக்க ஒரு ஈர்க்கு எடுத்தேன்.
உள்ளே விட்டேன், முட்டியது, நகத்தால் அடையாளமிட்டேன்.
வெளியே வைத்துப் பார்த்தேன்.
பற்றுத் துளைக்கு இன்னும் நாலு விரல்.

நாலு விரல்.

யாரோ நிரப்பி வைத்தது
அப்படியே இருந்திருக்கிறது.
கிணற்றுக்குள், மரிசலினின் கட்டிலுக்குக் கீழ்,
என் கணவாய்க்குக் கீழ்,
ஹேவகேயின் கண்ணுக்கு நேரே.

துளையால் தண்ணீர் விட்டேன், மூன்று நாள்.
கம்பி நுனியில் திருகாணி பொருத்தி
மூச்சைப் பிடித்து இழுத்தேன்.
முதலில் அடைப்பு வந்தது.
துணியாக இருக்கும் என்று நினைத்தேன்.
தும்பு. பொச்சுத் தும்பு,
எங்கள் ஊர்க் கை திரித்த முறுக்கு.
எந்த ஒல்லாந்தன் அடைத்தான் இதை?
இல்லை, யார் எடுத்து, யாருக்காக
அடைத்துவிட்டுக் காத்திருந்தது?
அதற்கு எந்தச் சாயமும் இல்லை என்னிடம்.

பிறகு குண்டு, நெல்லிக்காய் அளவு.
பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு.
"வெடியுப்பும் கரியும் கந்தகமும்,
கத்தரிக்கு நல்ல பசளை" என்றேன்.
"அந்தக் கத்தரிக்காயை நான் சமைக்கமாட்டன்" என்றாள்.
ஒழுங்கைக் கானுக்குள் ஊற்றினோம்.

மரிசலின் குண்டை உள்ளங்கையில் எறிந்து பிடித்தான்.
நிறை அவனுக்குத் தெரியும்.
"வலைக்கு ரெண்டு மணி வார்க்கலாம், தாங்கோ."
கொடுத்தேன்.
இப்போது எங்கோ பண்ணைக் கடலடியில்
இறாலுக்கு மேல் கிடக்கும்.

பதிவேட்டில் இருக்கிற "இல்லை"
இப்போதுதான் உண்மை.
ஹேவகேயிடம் போய்ச் சொல்லவில்லை.

மாதம் ஒருமுறை மெழுகு போடுகிறேன்.
வெறுங்குழல்தான், ஈர்க்கு விட்டுப் பார்த்த குழல்தான்,
இருந்தும் அதன் வாய் சுவரைப் பார்க்கும்படியே பிடிக்கிறேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் குசினி.
சுகிர்தா ஒன்றும் சொல்லவில்லை.
அரிசி வாளியை மட்டும்
இடம் மாற்றி வைத்திருக்கிறாள்.