அரை வினாடி

அதிபரின் அனுமதிக் கடிதத்தில்
முதல் வரியே எச்சரிக்கை:
கைபேசி ஐந்து மட்டும்.
செவ்வாய் மட்டும்.
மணி அடித்ததும் அலுமாரிக்குள்.
கீழே ஒப்பம்.
ஒப்பத்துக்கும் கீழே, பென்சிலால்,
‘டேட்டாக் காசு யார் தருவது?’

தரம் பத்து, ஒலி அலைகள்.
பதினொரு வருடமாய் இந்த அலகை
ஒரே கயிற்றை ஆட்டிக் காட்டித்தான் கடந்தேன்.
கயிறு நைந்ததுதான் மிச்சம்.
இம்முறை கயிறு வேண்டாம்,
திருகோணமலையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்,
ஆளுக்கு அரை நிமிடம் என்றேன்.

கொண்டுவந்தார்கள்.
ரொஷேல், டச்சுக்குடாவில் அலை திரும்பும்போது
சிப்பிகள் ஒன்றோடொன்று உரசுவதை.
ஹம்தா, சீனக்குடாக் கடவையில்
ரயிலுக்கு முன் வருகிற மணியை.
கீர்த்திகன், சந்தையில் மீன் விலை கூவும் தகப்பனை:
‘அப்பாட குரலுக்கு வீச்சம் கூட மிஸ்,
கடன்காரர் வந்தா மட்டும் குறையும்.’
துவாரகி, பஸ் நிலையத்தில் ஒரு மான்
சோற்றுப் பார்சலின் தாளைத் தின்னும் சத்தத்தை.
அதை மூன்று தரம் போடச் சொன்னது வகுப்பு.
மூன்றாவதில்தான் நானும் சிரித்தேன்.

திரையில் எல்லாம் பச்சைக் கோடுகள்.
‘கிட்டக் கிட்ட இருந்தா மீடிறன் கூடவா?’
‘அப்ப மணியும் மானும் ஒண்டில்ல.’
யார் யாருக்கு விளக்குகிறார்கள் என்று தெரியவில்லை.
வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு
சும்மா நின்றேன்.

கடைசி வாங்கில் யதுசன்.
இடாப்புக்கு ‘ஓம்’ சொல்வதைத் தவிர
இந்த வருடம் வாய் திறவாதவன்.
பென்டிரைவை நீட்டினான்.
நாற்பது நிமிடக் கோப்பு.
அரை நிமிடம்தானே கேட்டேன்?
‘வெட்டேலாது மிஸ்.’

போன செவ்வாயின் என் பாடம்.
கைபேசிகளை முதன்முதலாய் மேசைகளில் வைத்துவிட்டு
ஒலி எப்படிப் பரவும் என்று விளக்கினேனே, அது.
தொடக்கம் முதல் முடிவு வரை
தடிப்பாய், பச்சையாய்
நான்.
வெண்கட்டி முறிந்த இடத்தில் ஒரு முள்.
தண்ணீர் குடித்த இடத்தில் ஒரு பள்ளம்.
‘விளங்கிச்சுதா?’ என்று கேட்ட இடங்களை எல்லாம்
அவன் மஞ்சளில் குறித்திருந்தான்.
ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால்
வெறுங்கோடு, அரை வினாடி.
அதற்குள் மறுபடி என் குரல்:
‘சரி, அடுத்த பக்கம்.’

முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.
பதினேழு மஞ்சள்.

யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் சுகமாய் இருந்திருக்கும்.
துறைமுகப் பக்கம் ஏதோ ஒரு கப்பல் ஊதியது;
அதையாவது யாரேனும் பதிவு செய்திருக்கலாம்.

புள்ளித் தாளில் மூன்று கட்டங்கள், நான் கீறியவை.
நேரக் கட்டுப்பாடு: யதுசனுக்குப் பூச்சியம்.
விதி விதிதான்.
மற்ற இரண்டிலும் முழுப்புள்ளி போட்டேன்.
கை கொஞ்சம் அழுத்தமாய்த்தான் எழுதியது.

மறுநாள் அமிலம், காரம்.
பாசிச்சாயத் தாள் சிவந்ததற்குக் காரணம் சொல்லிவிட்டு
‘விளங்கிச்சுதா?’ என்றேன்.
வாயை மூடிக்கொண்டு எண்ணினேன்.
மூன்று.
நான்கு.
மின்விசிறி கறகறத்தது.
ஆறில் ஒருவன் செருமினான், ஒன்றுமில்லை.
ஒன்பதில்
‘இல்ல மிஸ்’ என்றாள் ரொஷேல்.
‘எனக்கும்.’
‘எங்களுக்கும் டீச்சர், அந்த ரெண்டாவது சமன்பாடு.’
யதுசன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை.
பதிவு செய்யக் கைபேசி இல்லை.