விண்ணப்ப இலக்கம் 73

வந்தாறுமூலை. கறண்ட் போய் வந்து
மூன்றாம் தரமாய் நிரலை ஓடவிடுகிறேன்.

விவாதக் கழகத்தில் பதினாறு இடம்.
விண்ணப்பம் இருநூற்றுப் பதினொன்று.
போன வருடம் பதின்மூன்று பேர் ஒரே பாடசாலை;
தெரிவு செய்தவர்களும் அதே பாடசாலை.

அதனால் பெயரை மறைத்தேன்.
ஊரை, பாடசாலையை, தகப்பன் தொழிலை
– அதை ஏன் கேட்டார்களோ –
எல்லாம் போய் ஓர் இலக்கம் மிஞ்சியது.

எழுபத்துமூன்று எழுதியிருந்தது:
"முதல் பஸ் போச்செண்டா அடுத்தது எட்டரைக்கு.
மறுகா நான் வந்துசேர பாதி லெக்சர் முடிஞ்சிரும்.
கதவடியில நிண்டுதான்
வாதாடப் பழகின நான்."

நடுவர் லக்சிதன் திரையைப் பார்த்துச் சிரித்தான்:
"படுவான்கரை."

இவ்வளவு மறைத்தும்
ஒரு சொல் துறையைக் கடந்து வந்து
ஊரைச் சொல்லிவிட்டது.

"அந்த மறுகாவைத் தூக்கு" என்றாள் துஜிந்தா.
"பிறகு எண்டு மாத்த ஒரு வரி போதும்."
ஒரு வரிதான். எழுதினேன்.
ஓடவிட விரல் போகவில்லை.

முதலாம் வருடம் முழுக்க
என் வாய்க்குள் நானே ஓடவிட்ட வரி அது.
வீட்டுக்குக் கோல் எடுக்கும்போது மட்டும்
நிறுத்திவைப்பேன்.

அழித்தேன்.
வேறொன்று எழுதினேன்:
ஆளை அடையாளம் கண்டவர்
அந்த ஆளுக்குப் புள்ளி போட முடியாது.

எழுபத்துமூன்றுக்கு எதிரே
லக்சிதனின் கட்டம் சாம்பலாகிறது.
அழுத்திப் பார்க்கிறான். திரும்ப அழுத்துகிறான்.
"என்ன இது, வேலை செய்யுதில்ல?"

"மறுகா சொல்றன்" என்கிறேன்,
நல்லாக் கேட்கும்படி.