மூன்று வீசை

பதினோரு வருஷமாகத் தராசு பிடிக்கிற கை இது.
மோல்மேன் சந்தையில் கேட்டுப் பாருங்கள்,
பருப்பை அள்ளும்போதே
கால் வீசையா அரைக்கால் வீசையா என்று
தையல்நாயகிக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் கை பூங்கோதையை வாங்கிய நொடியில்
மூன்று வீசை என்றது.
ஆஸ்பத்திரி மெஷின் நாலு கிலோ தொள்ளாயிரம் என்றது.
இரண்டும் ஒன்றுதான்.

மழைக்காலம். வார்டெல்லாம் ஈரக் குடைகள்.
பக்கத்துக் கட்டில்காரிகள்
தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்கள்.
'வ' என்றார்கள்.
பர்மியத்தில் குண்டு என்பதற்கு அவ்வளவுதான், ஓரெழுத்து.
எழுதினால் வெறும் வட்டம்,
என் மகள் முகம் மாதிரி.

எனக்குச் சர்க்கரை இருந்தது.
உள்ளே இருந்தவரை என் ரத்தத்தின் இனிப்பைக்
கணக்கில்லாமல் எடுத்துக்கொண்டாள்.
கொடியை அறுத்ததும் அந்தக் கடை மூடிவிட்டது.
குதிகாலில் ஊசி, ஒரு சொட்டு,
எண் குறைவு என்றார்கள்.
மறுபடி ஊசி.
அவ்வளவு பெரிய உடம்பு
வாயில் வைத்தால் தூங்கியது.

சயாமா மி ஒன் என் மார்பைப் பிழிந்து
மஞ்சள் சீம்பாலைத் தேக்கரண்டியில் ஏந்தினாள்.
மூன்று வீசைக்கு இவ்வளவா என்றேன்.
கோலிக்குண்டு அளவுக்கு விரலை மடக்கி
வயிறு இவ்வளவுதான் என்றாள்.

ஐந்தாம் நாள் கால் வீசை காணோம்.
என் கடையில் குறைந்திருந்தால்
வாடிக்கைக்காரி லுங்கியை இறுக்கிக்கொண்டு
வாசலில் வந்து நிற்பாள்.
நான் யார் வாசலில் போய் நிற்பது?

ரங்கூனிலிருந்து நாத்தனார் பால்பவுடர் டின்னோடு வந்தாள்.
"யானைக்குட்டிக்கு உன் பால் காணுமா?"
இவர் ஒன்றும் சொல்லவில்லை.
டின்னை அலமாரி மேல் வைத்தார்,
இறக்கினார், திரும்ப வைத்தார்.

மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து கொடுத்தேன்.
ஒரு கையில் அவள் தலை,
ஒரு கையில் மிச்சச் சில்லறை.

எதிர்க் கருவாட்டுக்கடை தின் தின் நுவேயின் மகன்
ஒன்றரை வீசையில் பிறந்தவன்.
விடாமல் குடித்து
கார்டில் கோடு தாண்டிக் கோடு ஏறினான்.
என்னுடையவள் மேல்கோட்டிலிருந்து
இறங்கிக்கொண்டே வந்தாள்.
எளச்சுட்டாளே என்றார்கள். கண்ணு பட்டிருக்கும் என்றார்கள்.
இப்போது யாரும் 'வ' என்று சொல்வதில்லை.
முதலில் சொன்னதற்கு அழுதவள்
சொல்லாததற்கும் அழுதேன்.

நாலாம் மாதம், ஊசி போடும் நாள்.
பாதியில் பூங்கோதை முகத்தைத் திருப்பினாள்.
தலையைப் பிடித்து மறுபடி வைத்தேன்.
மறுபடி திருப்பினாள்.
மறுபடி வைத்தேன்.
மி ஒன் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"வ பி."

அதே எழுத்து. அதே வட்டம்.
நிறைந்துவிட்டது என்பதற்கும் அதுதான் சொல்.
பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷை,
அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

"கொண்டுவந்தது உன் எடை,
இது அவள் எடை" என்றாள்,
கார்டில் புள்ளி வைத்தபடியே.
மேலும் விளக்கவில்லை.
வரிசையில் இன்னும் இருபது பேர்.

எங்கள் சந்தையில் நிறுத்து முடித்ததும்
ஒரு பிடி கொசுறு போடாமல் யாரும் நகர மாட்டார்கள்.
போலீஸ்காரர், பிக்கு மடத்துச் சமையல்காரர்,
கடன் பாக்கி வைத்தவன்கூட.
கொசுறு வேண்டாம் என்று
முகம் திருப்பிய முதல் ஆள் இவள்தான்.

ஆறாம் மாதம் நாலரை வீசை.
கருவாட்டுக்கடையானும் நாலரை.
தின் தின் நுவே இரண்டு கார்டையும் பக்கத்தில் வைத்து
விழுந்து விழுந்து சிரித்தாள்.
எனக்கும் சிரிப்பு வந்தது,
கொஞ்சம் தாமதமாக.

டின் இன்னும் அலமாரி மேல்தான் இருக்கிறது.
நாத்தனார் கேட்டால் சொல்ல
ஒரு பொய் வைத்திருக்கிறேன்.

பூங்கோதைக்கு இப்போது தராசுத் தட்டு வேண்டும்.
பித்தளையைக் கவ்விச் சப்புகிறாள்.
பிடுங்கினால் சந்தையே திரும்பிப் பார்க்க வீறிடுகிறாள்.
அரை வீசை துவரைக்கு வந்தவர்
பையை விரித்துப் பிடித்தபடி நிற்கிறார்.