மழைக்கு முந்தைய ஆய்வு

ஐப்பசி ஒன்பது. காலை ஆறே முக்கால்.
பூங்காவின் இரும்புக் கதவு பாதிதான் திறக்கும்;
மீதியை ஒரு வாதாமரத்தின் வேர் பிடித்து வைத்திருக்கிறது.
பக்கவாட்டில் நுழைந்தேன்.
கையில் அட்டை, அதில் கிளிப் போட்ட மாநகராட்சிப் படிவம்:
‘மழைக்கு முந்தைய ஆய்வு.’
மழை மூன்று நாளாகப் பெய்துகொண்டிருக்கிறது.

இந்த ஊரில் இலை உதிர்வது மாசியில்.
ஐப்பசியில் உதிர்வது சுவர்.
போன வருடத்துப் பச்சை, அதற்கு முந்தைய மஞ்சள்,
அதற்கும் அடியில் நீர்த்துப்போன சுண்ணாம்பு,
கடைசியில் செங்கல்.
எங்கள் கூதிருக்கும் நிறம் மாறத் தெரியும்.

எட்டு வடிவத் தடத்தில்
குடையோடு எட்டு போடுகிறார்கள் மூன்று பேர்.
கீழ் வட்டம் தண்ணீருக்குள்.
அதனால் பூஜ்யம் போடுகிறார்கள்.
“மேடம், அந்த லைட்டு ஆறு மாசமா எரியல”
என்கிறார் சுற்றி வரும்போதெல்லாம் ஒருவர்,
முந்தைய சுற்றில் சொன்னது நினைவில்லாமல்.

நடுவே அறுகோணத்தில் வானொலி அறை.
கூரைக்குக் கீழே நாலு பக்கமும் ஒலிபெருக்கி இருந்த ஓட்டைகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு புறா.
இதன் கோப்பைப் படித்திருக்கிறேன்.
வால்வு மாற்றியதற்குப் பதினொரு ரூபாய்.
பிறகு அறுபத்தைந்தில், சாய்ந்த கையெழுத்தில்:
‘போர்ச் செய்தி கேட்க மாலையில் கூட்டம் மிகுதி.
கூடுதல் பெஞ்சு இரண்டு தேவை.’
அதன் கீழே வேறு மையில்: ‘நிதி இல்லை.’
அந்தப் போரை நின்றபடியே கேட்டிருக்கிறார்கள்
மாம்பலத்துக்காரர்கள்.
இப்போது உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டை,
காம்பில்லாத துடைப்பங்கள்,
மூன்று குட்டிகளோடு ஒரு பூனை.
பூனையை எந்தப் பத்தியில் குறிப்பது?

வாசல் கல்வெட்டில்
திறந்துவைத்தவர் பெயர் பட்டத்தோடு பளிச்சென்று இருக்கிறது.
நிலம் வந்த வழியைச் சொல்லும் வரி மட்டும்
நடைபாதை சிமெண்டுக்குள்.
தோண்டிப் பார்த்தாலும்
ஏரி பெயர் இருக்காது.
கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குக்கூட
கைநாட்டு உண்டு.

எத்திராஜ் மோட்டார் பக்கத்தில் குந்தியிருக்கிறான்,
தலையில் பால் பாக்கெட் கவர்.
“இன்னா மேடம், எறைக்க எறைக்க வர்து.
எங்கேர்ந்துன்னே தெர்ல.”

எனக்குத் தெரியும்.
பழைய நில அளவைப் படத்தின் நகல் ஒன்று
என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.
நீலம் அடித்த விளிம்பு
சறுக்குமரத்தைத் தொட்டு,
வானொலி அறைக்குப் பின்னால் வளைந்து,
கழிவறையை வெளியே விட்டுப் போகும்.
இன்று தண்ணீரும் அப்படியே வளைந்து,
கழிவறையை வெளியே விட்டிருக்கிறது.

சீசாவின் ஒரு முனை முழுகிக் கிடக்க
உயர்ந்த முனையில் ஒரு மடையான்.
மடையில் நின்று மீன் பார்த்ததால் வந்த பெயராக இருக்கும்.
மடையை மூடி நூறு வருடமாகிறது.
பெயர் மட்டும் இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது.

படிவம் கேட்கிறது:
‘நீர் தேங்கக் காரணம் – அடைப்பு, தாழ்வு, சாலை உயர்வு, பிற.’
‘பிற’வுக்கு எதிரே இரண்டு விரல் அகலம் இடம்.
பேனாவை வைத்தேன்; மை பரவியது.
அங்கே நீலமாக ஒன்று
தானாகவே கரை தேடிக்கொண்டது.

ஆனால் நான் குடியிருப்பது அடுத்த தெருவில், தரைத்தளத்தில்.
என் ஃபிரிட்ஜ் நேற்றிரவிலிருந்து நாலு செங்கல் மேல் நிற்கிறது.
பையனின் பள்ளிச் சான்றிதழ்கள் பரணில்.
ஏரிக்காக வருத்தப்படுகிறவள்
ஏரிக்குள்தான் வாடகை கொடுக்கிறாள்.

‘தாழ்வு’ என்று டிக் அடித்தேன்.
“ஒம்பது மணிக்குள்ள இன்னொரு மோட்டார் அனுப்பறேன்,
போட்டுடு” என்றேன்.

எத்திராஜ் கயிற்றைச் சுண்டினான்.
இரண்டு முறை இருமி, மூன்றாவதில் பிடித்தது.
மடையான் அசையவில்லை;
கழுத்தை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டது.
குழாய் புடைத்து, வேலியைத் தாண்டி,
ஏரியை வாரி
லேக் வியூ ரோட்டில் கொட்டியது.
அங்கே ஸ்கூட்டரில் போன யாரோ
எங்கள் எல்லோரையும் சேர்த்துத் திட்டினார்.