இருபத்தாறு பாகை

வரைபடத்தில் சமஉயரக் கோடுகள்
பேன்சீப்பின் பற்களாய் நெருங்கிக் கிடந்தன.
இருபத்தாறு பாகைச் சரிவு.
ஹோபார்ட்டில் இந்த விலைக்கு நிலமே கிடையாது என்றார் சுகிர்தன்.
விலையின் காரணம்
என் முழங்கால்களுக்குத்தான் முதலில் புரிந்தது.

தெரு மேலே. ஆறு கீழே.
நடுவில் யூகலிப்டஸ், பெரணி, கரும்பாறை,
நின்றால் வழுக்கும் ஈர மண்.
கார் பானெட்டில் தாளை விரித்தேன்.
பென்சில் உருண்டு போனது.
தேடப் போகவில்லை.

அவர் கேட்டது சமதளப் புல்வெளி,
இரண்டு கார் நிற்க இடம்,
வெயில் விழும் கூடம்.
வெயில் இங்கே வடக்கிலிருந்து வரும் என்றேன்.
எட்டு வருடமாய் இந்த ஊரில் இருக்கிறார்,
செல்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

புல்வெளிக்கு
மலையை வெட்ட வேண்டும், வெட்டியதைக் கொட்ட வேண்டும்,
கொட்டியது ஓடாமல் சுவர் கட்ட வேண்டும்.
மண் சோதிக்க வந்த ப்ரோன்வின்
ஆறு துளை போட்டாள்.
நான்காவதில் தண்ணீர்.
"இந்த மண் நடந்துகொண்டிருக்கிறது," என்றாள்,
"வருடத்துக்கு ஒரு நெல்மணி நீளம்."

ஆகவே வெட்டவில்லை.
எட்டு இரும்புக் கால்கள்,
தண்ணீர் அதன் வழியே போகட்டும்.
"வீடு காலிலா நிற்கும்?"
நீங்களும் அப்படித்தானே நிற்கிறீர்கள்
என்று சொல்ல வந்து
"பாறை வரைக்கும் போகும்" என்றேன்.

மூன்று சந்திப்பிலும் வாய் திறக்காத வாகினி
அன்று செருப்பைக் கழற்றிவிட்டு
கன்றுகளைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள்.
ஒரு பாறையருகே நின்று
காற்றில் ஒரு தட்டைக் கழுவினாள்.
"இங்கே.
பாத்திரம் கழுவும்போது எனக்கு அந்தப் பாலம் தெரியணும்."
ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றிரவு முதலில் வரைந்தது ஒரு கழுவுதொட்டி.
அதைச் சுற்றி அடுக்களை,
அதன் தலைமேல் படுக்கையறை,
அதற்கும் மேலே, கூரை இருக்கவேண்டிய இடத்தில், வாசல்.
விருந்துக்கு வருகிறவர்கள்
பதினேழு படி இறங்கித்தான் சாப்பிட வேண்டும்.

ஒப்பந்தக்காரரின் கணக்கு வந்த நாளில்
ஒரு கார் போனது,
கூடத்தில் நாலடி போனது,
நான் ஆசைப்பட்டு வைத்த வட்ட ஜன்னலும் போனது.
தொட்டியை யாரும் தொடவில்லை.

நான் இருப்பது க்ளெனார்க்கியில்.
தட்டையான தெரு, வாடகை வீடு.
என் தொட்டிக்கு நேர் எதிரே
பக்கத்து வீட்டு மதில்,
அதில் ஒரு காலி ஆணி.

ஆகஸ்டில் தளம் போட்டார்கள்.
லேசர் வைத்துப் பார்த்த தச்சர்
மூலைக்கு மூலை இரண்டு மில்லிமீட்டர் என்றார்,
அதையும் மன்னிப்புக் கேட்கும் குரலில்.
மறுநாள் விடியுமுன் போனேன்.
மேட்டுப் பக்கமாய் ஒரு வாலபி வந்து போயிருக்கிறது.
தொட்டி வரவேண்டிய இடத்தில்
ஈரம் காயாத புழுக்கைகள்.
ஒன்றுகூட உருளவில்லை.